துடக்குக் கழியும் வரை மிட்வைஃபை மறிக்கலாமா?

கேள்வி: மகளுக்குக் கிளிநொச்சி வைத்தியசாலையில் பிள்ளை பிறந்து 6 நாள். சுகப்பிரசவம். இப்போது ஒட்டுசுட்டானில் எங்களோடு இருக்கிறாள். கொரோனாவுக்குப் பயந்து, 31ஆம் நாள் துடக்குக் (பிள்ளைப்பேற்றுத் தீட்டு) கழியும் வரை வீட்டுக்குள் ஒருவரையும் எடுப்பதில்லை என்றிருக்கிறோம். மிட்வைஃபையும் பிறகு வரச் சொல்லலாமா?

பதில்: சொந்தக்காரரை மறியுங்கள் அம்மா. பிள்ளை பார்க்க வருபவர்கள் படலையோடு திரும்பட்டும். மிட்வைஃபை மட்டும் மறிக்காதீர்கள். முதல் 10 நாளுக்குள் அவர் இரண்டு தடவை வர வேண்டும் என்பதுதான் நம் நாட்டு ஒழுங்கு. அப்புறம் 14க்கும் 21க்கும் இடையில் ஒன்று, 42ஆம் நாளளவில் ஒன்று. 31 வரை தள்ளினால் முக்கியமானவை எல்லாம் போய்விடும்.

உள்ளே கூப்பிடத் தயக்கமா? விறாந்தையில் பாய் விரியுங்கள். எல்லோரும் மாஸ்க் போட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் என்றால் அவர் புறப்படும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள். நம்பர் இல்லாவிட்டால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கேட்கலாம்.

விறாந்தையில் இன்னொரு நன்மையும் உண்டு. துடக்கு அறை பெரும்பாலும் இருட்டு, போதாததற்குச் சாம்பிராணிப் புகை. அங்கே பிள்ளையின் தோலில் மஞ்சள் காமாலை தெரியாது. பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து, நெஞ்சுத் தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. காலை வெயிலில் காட்டி மாற்றுவோம் என்று நாளைக் கடத்த வேண்டாம். பால் குடிக்க மறுத்தல், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, வலிப்பு, காய்ச்சல், உடல் குளிர்ந்துபோதல் இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

மகளிடம் தலையிடியைக் கேளுங்கள். ‘பனி பிடித்திட்டுது’ என்று நெற்றியில் பற்றுப் போட்டு விடுவது நம் வழக்கம். பிரசவத்துக்குப் பிறகும் 6 கிழமை வரை பிரஷர் ஏறலாம், வலிப்பும் வரலாம். கடும் தலையிடியோடு கண் மங்கினாலோ, இரத்தப்போக்கில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் (pad) முழுதாக நனைந்தாலோ 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம், ஊரடங்கிலும் ஓடும். காய்ச்சல், துர்வாடை, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றாலும் அன்றே காட்ட வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் காயச் சரக்கு (மருந்துச் சரக்கு) கொடுப்பதில் எனக்குப் பிணக்கில்லை. தண்ணீரை மறிப்பதில்தான் பிணக்கு. பால் கொடுப்பவள் தாகத்துக்குக் குடிக்கட்டும்.

மகளுக்கே கொரோனா வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மாஸ்க் போட்டு, கை கழுவிக் கொடுக்கலாம்.

2 மாத ஊசியையும் பிந்த விட வேண்டாம். சனம் குறைந்த நேரம் எது என்று மிட்வைஃபிடம் கேட்டு, பிள்ளையின் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு தாயும் பிள்ளையும் மட்டும் கிளினிக் போனால் போதும். நீங்கள் வீட்டில் நில்லுங்கள், உங்கள் வயதுக்குத்தான் இந்த நோய் கூடுதல் ஆபத்து.