இந்தியாவில் தேசியப் பூங்காக்களை நிர்வகிப்பது யார், மத்திய அரசா மாநில அரசா?

அன்றாடம் காட்டைப் பார்த்துக்கொள்வது மாநில வனத்துறை. டெல்லியிடம் இருப்பது சட்டம், நிதியில் ஒரு பங்கு, மேற்பார்வை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவை அறிவிப்பதே மாநில அரசுதான். ஆனால் அறிவித்த பிறகு எல்லையில் கை வைக்க நினைத்தால், மத்திய அரசின் தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் முடியாது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் அது.

சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் மூன்றையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். முதுமலையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். 1940-ல் அது சரணாலயம். பிறகு அதில் 103 சதுர கிலோமீட்டர் மட்டும் தேசியப் பூங்கா ஆனது. 2007-ல் புலிகள் காப்பகம். சரணாலயத்தில் மாடு மேய்ப்பது போன்ற சில உரிமைகளைக் கட்டுப்பாட்டோடு தொடர விடலாம். தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கே இடமில்லை. காப்பகம் என்று ஆனதும் உள்காடு, வெளிவட்டம் என்று பிரித்துத் திட்டம் போட வேண்டும். அதை மத்திய அரசின் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் ஏற்க வேண்டும். சுற்றுலாவுக்கு உள்காட்டில் 20 சதவீதத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்பது அவர்களுடைய வழிகாட்டுதல்.

சரி, இதெல்லாம் காகிதத்தில் இருப்பது. நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்புக்கு ஒருமுறை தன்னார்வலராக முதுமலைக்குப் போனேன். முதல் மூன்று நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர் நடந்து தடம், எச்சம், மரக்கீறல் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். அடுத்த மூன்று நாள் 2 கிலோமீட்டர் நேர்கோட்டில் நடந்து மான், காட்டுமாடு எண்ண வேண்டும். வனக்காப்பாளர் கையில் செயலியோடு போன். முன்னால் நடந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர், பக்கத்துப் பழங்குடி கிராமத்துக்காரர்.

இரண்டாம் நாள் காலை அவர் சட்டென்று நின்று கையைப் பின்னால் நீட்டினார். "சார், அசையாதீங்க. வாடை வருது." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு காது அசைந்தது. பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு அடர்ந்த புதர். சத்தமில்லாமல் பின்வாங்கி, சுற்றிக்கொண்டு போனோம்.

அந்த உண்ணிச்செடிதான் இன்று முதுமலை நிர்வாகத்தின் பெரிய தலைவலிகளில் ஒன்று. எங்கிருந்தோ கொண்டுவந்த அலங்காரச் செடி புல்வெளியை மூடிவிட்டது. மான் தின்னப் புல் இல்லை. கோடையில் தீப்பிடித்தால் இது காய்ந்த விறகு. வெட்டினால் வேரிலிருந்து மறுபடி தளிர்க்கும் என்பதால் வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தையும் சில வருடம் விடாமல் பார்க்க வேண்டும். அப்புறம் தீத்தடுப்புக் கோடு. கோடைக்கு முன்பே காட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் செடியை வெட்டி, சருகைக் கூட்டி, மண் தெரிய வைப்பார்கள். இலையுதிர் காடு என்பதால் ஒரு வாரத்தில் மறுபடி சருகு மூடிவிடும். மறுபடி கூட்ட வேண்டும்.

அந்தக் காவலருக்கு அப்போது பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ். தற்காலிகப் பணியாளர். அவரைப் போல இன்னும் நிறையப் பேர் நிரந்தரம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். கள இயக்குநர் மாறுவார், வனச்சரகர் மாறுவார். எந்த ஓடையில் மார்ச்சிலும் தண்ணீர் நிற்கும் என்று அறிந்தவர் இவர்தான். நான் கிளம்பிய அன்று காலையில் அவர் தோளில் அரிவாளும் துடைப்பமும் இருந்தன. கோடு கூட்டப் போய்க்கொண்டிருந்தார்.