ஊசி உடைந்ததை யார் சொல்வார்கள்?

கேள்வி: திருப்பூரில் அப்பா எட்டு நிட்டிங் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதும், எங்களுக்கு நூல் கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கூலியைக் குறைத்துவிட்டன. போன மாதம் ஊசி உடைந்து கோடு விழுந்த துணி, சாயம் ஏறி வந்த பிறகுதான் தெரிந்தது. நஷ்டத்தை ஆபரேட்டர் சம்பளத்தில் பிடித்தோம். கேமரா வைத்துத் துணியைச் சோதிக்கும் கருவிக்குக் கடன் எடுக்கலாம் என்கிறேன். ‘இருப்பதை ஒழுங்கா ஓட்டு’ என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

பதில்: அன்புத் தம்பி, கருவியைப் பற்றி நீங்கள் எழுதியதைவிட, ‘சம்பளத்தில் பிடித்தோம்’ என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. நூல் அறுந்தால் மெஷின் தானே நின்று விளக்கு எரியும். ஊசி உடைந்தால் பல நேரம் நிற்காது. துணியில் நெடுக மெல்லிய கோடு இறங்கிக்கொண்டே போகும். நைட் ஷிஃப்டில் அதை முதலில் பார்ப்பவர் ஆபரேட்டர். சொன்னால் பிடித்தம். சொல்லாவிட்டால் துணி சாயப்பட்டறை போய்த் திரும்பும்வரை தப்பிக்கலாம். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் வாய் திறப்பீர்களா?

நூல் அறுந்ததும் தானே நிற்கும் தறியை ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கினார். 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1,00,000 பவுண்டு பேசி அதன் உரிமையை வாங்கியது. சகிச்சியின் மகன் கார் தயாரிக்க இறங்கினார், அதுதான் டொயோட்டா கம்பெனி. தறியில் இருந்த அந்த ஏற்பாடு கார் ஆலைக்கும் வந்தது: கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம், வேலையையே நிறுத்தலாம். திட்டு கிடையாது, மேற்பார்வையாளர் ஓடிவந்து உதவுவார்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை தகராறும் ஆள் வராமையுமாகச் சீரழிந்து 1982இல் மூடப்பட்டது. டொயோட்டாவோடு கூட்டாக 1984இல் திறந்தபோது உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள்தான், சங்கமும் அதேதான். கயிறு புதிது, அதை இழுக்கும் தைரியமும் புதிது. கொஞ்ச காலத்திலேயே நாட்டின் தரமான ஆலைகளில் ஒன்றாகப் பெயரெடுத்தது. அதே ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் மற்ற ஆலைகளில் ரோபோக்களுக்குப் பணத்தைக் கொட்டியும் இந்தத் தரம் வரவில்லை.

கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது வாங்கினால் அதையும் ஆபரேட்டர்கள் தங்களைப் பிடிக்க வைத்த கண்ணியாகத்தான் பார்ப்பார்கள்.

பிடித்த பணத்தை இந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தோடு திருப்பிக் கொடுங்கள். கோளாறை உடனே சொல்பவருக்குப் பிடித்தம் இல்லை என்று அப்பாவே எல்லார் முன்னாலும் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் நம்பமாட்டார்கள். மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, எந்த மெஷின், எத்தனை மணிக்கு, எந்த மில் நூல் என்று எழுதச் சொல்லுங்கள். அமெரிக்க வரி உங்கள் கையில் இல்லை. ஆனால் கூலி பேச உட்காரும்போது, ரிஜெக்‌ஷன் குறைந்த கணக்கு கையில் இருந்தால் பேச்சே வேறு.

முதல் மாதம் மெஷின்கள் அடிக்கடி நிற்கும், கிலோக் கணக்கு குறையும், அப்பாவுக்குக் கோபம் வரும். அந்த மாதம் நைட் ஷிஃப்டில் நீங்களும் போய் நில்லுங்கள். மூன்று மாதம் கழித்து, நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு பேங்குக்குப் போகலாம்.