ஆட்டால் பிறந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நைரோபியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். என் அலுவலகத் தோழி கிகுயு இனத்தவர். நகரத்திலேயே வளர்ந்தவர், தாய்மொழியே தட்டுத்தடுமாறித்தான் வரும். அப்பா இறந்த பிறகு தன் குலம் எது என்று தேட ஆரம்பித்திருக்கிறார். டிஎன்ஏ பரிசோதனைக்குப் பணம் கட்டவும் தயார். சாதியை விட்டு ஓடிவந்த எனக்கு இது உறுத்துகிறது.

ஆர்., நைரோபி

அன்புள்ள ஆர்.,

உறுத்தல் புரிகிறது. ஆனால் குலம் என்றதும் நம் ஊர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டீர்கள்.

கிகுயுக்களின் கதையில் முதல் தம்பதி கிகுயுவும் மும்பியும். அவர்களுக்கு ஒன்பது மகள்கள். உண்மையில் பத்து. உயிருள்ளவற்றைப் பத்து என்று எண்ணுவது ஆகாது என்பதால் ‘நிறை ஒன்பது’ என்பார்கள். குலங்கள் அந்த மகள்களின் பெயரில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் சேர்வது என்னவோ அப்பாவின் குலத்தில். ஒரு காலத்தில் பெண்கள்தான் ஆண்டார்களாம். ஆண்கள் கூடிப் பேசி, எல்லாரையும் ஒரே சமயத்தில் கர்ப்பமாக்கிவிட்டு ஆட்சியைப் பிடித்தார்களாம். குலப்பெயரிலும் கைவைக்கப் போனபோது ‘இனி பிள்ளை பெறமாட்டோம்’ என்று பெண்கள் சொல்ல, பெயர் மட்டும் தப்பியது. பின்னாளில் கென்யாவின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டா 1938-இல் எழுதிவைத்த கதை இது.

சரி, டிஎன்ஏ. அது குலத்தைச் சொல்லாது. வெளியாள் ஒருவரை, பக்கத்து மசாய் இனத்தவரோ வேறு யாரோ, ஆடு வெட்டிச் சடங்கு செய்து குலத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. ஆட்டால் பிறந்தவர் என்று அதற்குப் பெயர். நம் சாதியில் எந்த ஆட்டை வெட்டினால் உள்ளே விடுவார்கள்? அங்கேயும் ஒரு குலத்தைச் சூனியக்காரர்கள் என்று கிண்டல் செய்வது உண்டுதான். ஆனால் 2007 தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தது ‘நீ எந்த இனம்’ என்ற கேள்வியால். பயப்படுவதாக இருந்தால் அதற்குப் பயப்படுங்கள்.

தோழிக்குக் குலம் தெரியாமல் போனதற்கு நகர வாழ்க்கை மட்டும் காரணமில்லை. ஒரே முன்னோரின் வழிவந்த குடும்பங்களை ‘ம்பாரி’ என்பார்கள். அதற்கென்று மலைமுகட்டில் நிலம் இருந்தது. தனக்கு எதிராகக் கிளம்பிய மாவ் மாவ் என்ற ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க, 1954 முதல் ஆங்கிலேய அரசு பத்து லட்சம் பேரைப் பிடுங்கி முள்வேலிக் கிராமங்களில் அடைத்தது. அதே கையோடு சிதறிக் கிடந்த நிலங்களை ஒன்றுசேர்த்துத் தனித்தனிப் பட்டா போட்டது. ‘இதுவரை நம்முடையது’ என்று காட்டிக்கொண்டிருந்த கிழவருக்குக் காட்ட எல்லையே இல்லை.

ஆனால் பெயர்களைப் பட்டா போட முடியவில்லை. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அப்பாவின் அம்மா, அடுத்தவளுக்கு அம்மாவின் அம்மா. நம் ‘பேரன்’ பெயரன்தானே, அதேபோலத்தான். ஒன்று மட்டும், அந்தப் பெயரை வைத்தே குலத்தை ஊகித்துவிட வேண்டாம். நோபல் வாங்கிய வாங்காரி மாத்தாய்க்கு மும்பியின் மகள்களில் ஒருத்தியின் பெயர். அவர் குலமோ இன்னொரு மகள் வாஞ்ஜிருவின் அஞ்ஜிரு.

பரிசோதனைப் பணத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள். அத்தை யாராவது உயிரோடிருந்தால், சர்க்கரையும் தேயிலையும் வாங்கிக்கொண்டு போய் உட்காரட்டும். குலம் எது என்று கேட்டுவிட்டு அதோடு எழுந்து வந்துவிட வேண்டாம். அப்பாவின் உடன்பிறந்தவர்கள் பெயரை மூத்தவரிலிருந்து வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும், இறந்துபோன குழந்தைகளையும் விடாமல். அப்புறம் தாத்தாவின் உடன்பிறந்தவர்கள். வேலிக்குள் அடைபடும் முன் எந்த ஆற்றங்கரையில் இருந்தார்கள் என்பதைக் கடைசியாகக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அத்தை அழக்கூடும்.