சைக்காலஜி படிக்கட்டும், தோட்டத்தை விற்காதீர்கள்

அண்ணே, போன வாரம் மாட்டுத்தாவணியில் பூக்கடையைச் சாத்திவிட்டு அண்ணியோடும் மகளோடும் வந்தீர்கள். பாப்பா பி.எஸ்சி. சைக்காலஜி, அதாவது உளவியல், படிக்க ஆசைப்படுகிறாள், தாய்மாமாவோ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்கிறார் என்றீர்கள். "பார்த்துக்கலாம், பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்ததில் அது போதாது என்று பட்டது. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் மல்லிகைத் தோட்டத்தை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்காதீர்கள். பாப்பாவின் தாய்மாமா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஃபீஸ் கட்டப்போவது அவர் இல்லை, நாலு வருஷம் வகுப்பில் உட்காரப்போவதும் அவர் இல்லை.

"சைக்காலஜி படிச்சா பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் வேலை" என்றாராம். உங்கள் அக்காவுக்கு மனசு சரியில்லாமல் போனபோது, மருந்தெல்லாம் வேண்டாம், ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போங்கள் என்றவர்களும் இதே சொந்தக்காரர்கள்தானே? 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்கள் ஓட வழியில்லாமல் கருகினார்கள், 28 உயிர் போயிற்று. இந்தப் படிப்பைக் கேலி பேசும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

நீங்கள் அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். மாதாமாதம் கூடப் போனது பாப்பா. அவள் கொண்டுவந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அத்தை எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த மாத்திரை விட்டுப்போனது, அன்றைக்கு என்ன வார்த்தை சொன்னார் என்று இரண்டு வருஷம் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் நாட்டம் எந்தப் பக்கம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது நோயாளிகளுக்கு மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளர், ஆவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மேற்படிப்பும் பதிவும் வேண்டும். பி.எஸ்சி. முடித்த கையோடு போர்டு மாட்ட முடியாது. "கரெஸ்பாண்டன்ஸ்ல போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து தொலைதூர, ஆன்லைன் வழியில் சைக்காலஜி நடத்த யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது.

யாரும் உங்களிடம் சொல்லாத ஒரு வழி இருக்கிறது: ஆராய்ச்சிக் களப்பணி. மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. இப்படி ஒரு தாளைத் தமிழுக்குக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். எங்கே அர்த்தம் நழுவியது என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். அப்புறம் ஊருக்குள் போய், "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரியுது?" என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் யார் "நான் மனச்சோர்வா இருக்கேன்" என்கிறார்கள்? "நெஞ்சு அடைக்குது", "ஒண்ணும் ஓடல", "தலை பாரமா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் ஏறிய பிள்ளைதான் இந்த வேலைக்கு வேண்டும். தமிழ் வழியில் படித்தவள் என்று நீங்கள் தயங்கினீர்களே, இங்கே அதுதான் அவளுக்குக் கைமுதல். பாடப்புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், முதல் வருஷம் திணறுவாள். தினம் இரண்டு பக்கம் படித்தால் பழகிவிடும்.

களத்தில் ஒழுக்கமும் முக்கியம். சம்மதம் வாங்காமல் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. "ஆமா" என்று பதில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல், பொறுப்பாளரை உடனே அழைக்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணையும் கையோடு கொடுக்க வேண்டும்.

இரண்டாம் வருஷத்திலிருந்து விடுமுறைகளில் இந்தக் களப்பணிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மதுரையிலேயே மனநலத்துக்காக இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. சென்னையில் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள், புள்ளியியலைக் கண்டு மிரள மாட்டாள். புள்ளியியல் கணக்குப் போடும் ஆர், ஜாஸ்ப் இரண்டுமே இலவச மென்பொருள், பழைய லேப்டாப் ஒன்று போதும். ஆராய்ச்சி உதவியாளர் வேலை பெரும்பாலும் திட்டம் முடியும்வரைதான், சம்பளமும் ஐ.டி. சம்பளம் ஆகாது. அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு.

காசு விஷயத்தில் நான் கறார். கல்லூரியில் சேரும் இடம் அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேளுங்கள். மூன்று வருஷத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கடன் வாங்க வேண்டாம். பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் தருகிறோம் என்று போனில் விளம்பரம் வரும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருப்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கு அவளே விண்ணப்பிக்கலாம். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

தோட்டத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வியாழக்கிழமை பாப்பாவை அந்த நோட்டோடு தனியாக அனுப்புங்கள். விண்ணப்பத்தை அவள் கையாலேயே எழுதட்டும்.