சும்மா கிடக்கிற நிலமா?

அன்புள்ள ஐயா,
மழை குறைந்த மேய்ச்சல் பகுதிகளில் உழவு பரவுவது பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். மக்கள் சாப்பிட வேண்டாமா? சும்மா கிடக்கிற தரிசில் பாதியை உழுதுவிட்டு மீதியில் மரம் நட்டால் என்ன?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சாப்பாட்டுக் கவலை எனக்கும் உண்டு. ‘சும்மா கிடக்கிற’ என்ற சொல்தான் உறுத்துகிறது. ஒரு தூர்ப் புல்லைத் தோண்டிப் பாருங்கள். மேலே நாலு விரல் உயரம்தான் இருக்கும். கீழே முழ நீளத்துக்குச் சல்லிவேர், இழைக்கு இழை மண் ஒட்டியிருக்கும். அந்தப் பிடியைத்தான் கலப்பை அறுக்கிறது. நல்ல மழை வருஷங்களில் ஒன்றும் தெரியாது. வறட்சி வந்ததும் மண் காற்றோடு போய்விடும். 1930களில் அமெரிக்கச் சமவெளிகளில் அப்படித்தான் போனது. சோவியத் அரசு 1954இல் கஜகஸ்தான் புல்வெளியை உழ ஆரம்பித்தது. 1956இல் அமோக விளைச்சல், அறுபதுகளில் புழுதிப்புயல்.

சரி, மரம்? வட சீனாவில் உழவும் மேய்ச்சலும் கலந்த பட்டையில் வருடத்துக்கு ஏறக்குறைய 400 மில்லிமீட்டர் மழைதான். 1999இலிருந்து, சரிவுகளில் பயிரிடுவதைக் கைவிட்டவர்களுக்கு அரசு தானியமும் பணமும் கொடுத்தது. அங்கே காற்று குவித்த மண்ணாலான லோயஸ் பீடபூமி பச்சையானது, மஞ்சள் ஆற்றில் வண்டல் வெகுவாகக் குறைந்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் நெருக்கி நட்ட மரங்கள் ஆழத்து ஈரத்தையும் உறிஞ்சிவிட்டன. தண்ணீர் தாங்கும் எல்லையை அந்தப் பசுமை நெருங்கிவிட்டதாக 2016இல் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். பாதிப் பாதியாக நிலத்தைப் பிரிக்கலாம். பயிரும் மரமும் குடிப்பது அதே மழையைத்தானே?

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், தெற்குப் பகுதி உழவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. வெட்டுண்ட அடிக்கட்டைகள் வயலில் துளிர்க்கும்போது உழவில் அழிக்காமல், சில கொம்புகளை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட்டார்கள். நடவே இல்லாமல் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. நடுவே கம்பும் விளைகிறது. புது நிலத்தை உழுவதற்கு முன், உழுத நிலத்திலேயே இப்படி என்ன செய்யலாம் என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் மாடு மேய்ப்பவர்கள் ஒரு வரியிலும் வரவில்லை. அவர்கள் மழையின் பின்னால் நகர்பவர்கள். ஓரிடத்தில் மேய்த்துவிட்டு, புல் தேறட்டும் என்று அதை ஆறவிட்டுப் போவார்கள். நாம் போய் நிற்கும்போது அதுதான் காலியாகத் தெரிகிறது. நிலத்தை அளக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.