முதல்ல கவுத்துப் பாருங்க: பர்கர் கடைப் பொம்மைகள் பற்றிக் கேள்வி பதில்

குழந்தைங்க சாப்பாட்டோட இலவசமா குடுக்கற பொம்மையைச் சேர்க்கற ஆளு நான். வயசு நாற்பத்தி நாலு. மும்பை சாக்கி நாக்காவில ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில டூல் ரூம் வேலை, அதாவது அச்சு வெட்டறது. வீடு செம்பூர். பரண் முழுக்க பொம்மைதான், அத்தனையும் என்னோடது. என் பையனுக்கு அதுல கொஞ்சமும் அக்கறை இல்ல. போன வாரம் "தெரிஞ்சதைக் கேளுங்க, சொல்றேன்"னு வாய் விட்டுட்டேன், கேள்வி குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி கேட்டதை ஒண்ணாச் சேர்த்துட்டேன்.

முலுண்ட்லேர்ந்து ஒரு அக்கா: பரண் சுத்தம் பண்ணும்போது பையன் சின்ன வயசுல சேர்த்த பொம்மை ஒரு கவர் நிறைய கிடைச்சுது. நெட்ல ஒரே பொம்மைக்கு 40,000 ரூபாய் போட்டிருக்கான். வித்துடலாமா தம்பி?

அக்கா, 40,000 போட்டிருக்கான், சரி. எவனாவது குடுத்து வாங்கினானா? யார் வேணா எந்த விலையும் எழுதலாம். வித்து முடிஞ்ச விலை என்னன்னு மட்டும் பாருங்க, பாதிப் பேருக்கு அதுலயே மயக்கம் தெளிஞ்சிரும்.

இந்தப் பொம்மைங்களை லட்சக்கணக்குல, கோடிக்கணக்குல செஞ்சு தள்ளினாங்க. 1997ல அமெரிக்காவில மெக்டொனால்ட்ஸ் குடுத்த டீனி பீனி பேபிஸ்ங்கற குட்டித் துணிப் பொம்மை மட்டுமே கிட்டத்தட்ட 10 கோடி. நாளைக்கு பெரிய விலை போகும்னு அன்னிக்கு ஜனங்க வாங்கிப் பெட்டிபெட்டியா அடுக்கி வெச்சாங்க. எல்லாரும் பத்திரமா வெச்சுக்கிட்டதால அது இன்னிக்கும் எங்க பார்த்தாலும் கிடைக்குது. யாருமே மதிக்காம குப்பையில போட்ட பொம்மைதான் கிடைக்க மாட்டேங்குது.

கவர் பிரிச்சு விளையாடின பொம்மைக்கு நான் 20லேர்ந்து 50 ரூபாய் வரைக்கும் குடுப்பேன். ஒரு செட்டு முழுசா இருந்தா கூடப் பேசலாம். ஆனா பங்கார்காரன்கிட்ட, அதான் பழைய சாமான் வாங்கறவன்கிட்ட, எடைக்குப் போட்டுடாதீங்க. முதல்ல ஒவ்வொண்ணா கவுத்து, அடியில என்ன எழுதியிருக்குன்னு போட்டோ எடுங்க.

வாஷியிலிருந்து ஒருத்தர்: எங்கிட்ட இருக்கற ஹலோ கிட்டி பூனைப் பொம்மை அடியில 1976ன்னு போட்டிருக்கு சார். ஐம்பது வருஷப் பழசா?

இதே கேள்வி நாலு பேர் கேட்டிருக்காங்க. இல்ல சார். அடியில வட்டத்துக்குள்ள சி போட்டு இருக்கற வருஷம் பெரும்பாலும் அந்தக் கதாபாத்திரத்தோட உரிமை வருஷம், பொம்மை செஞ்ச வருஷம் இல்ல. ஹலோ கிட்டிக்கு எப்பவுமே 1976ன்னு வரும். பக்கத்துலயே கமா போட்டு இன்னொரு வருஷம் இருக்கும், ரெண்டாயிரத்து சொச்சம்னு. அதைப் பாருங்க. நகத்தால தடவினா தட்டுப்படும், இல்லேன்னா டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிங்க. கூடவே எந்த நாட்ல செஞ்சது, எந்தக் கடைக்காகச் செஞ்சதுன்னும் இருக்கும். பட்டறையில அச்சு வெட்டும்போதே எஃகுல எழுத்தைத் தலைகீழா வெட்டிருவோம். அது பெயின்ட் இல்ல, அழியாது.

கிட்டி பேச்சு வந்ததால ஒண்ணு சொல்றேன். 2000 ஜனவரியில சிங்கப்பூர்ல மெக்டொனால்ட்ஸ் கல்யாண ஜோடி கிட்டி குடுத்தப்போ ஜனங்க விடியறதுக்கு முன்னாடியே வரிசையில நின்னாங்க. நெரிசல்ல ஒரு கடையோட கண்ணாடிக் கதவே உடைஞ்சு ஆளுங்களுக்கு அடிபட்டுது. எங்க அத்தை அப்போ அங்கதான் இருந்தாங்க. ஒரே ஒரு ஜோடி கிடைச்சு, கல்யாண ஆல்பத்தோட சேர்த்துப் பீரோவுல வெச்சிருக்காங்க. இருபது வருஷமா கேக்கறேன், தர மாட்டேங்கறாங்க.

தாராவியிலிருந்து ஒரு தம்பி, ஆறாம் வகுப்பு: முதல் முதல்ல யார் இப்படிப் பொம்மை குடுத்தாங்க அண்ணாச்சி?

நல்ல கேள்விடா தம்பி. ஆளாளுக்கு நான்தான்னு சொல்றாங்க. அமெரிக்காவில பர்கர் செஃப்னு ஒரு கடை 1973லேயே குழந்தைங்களுக்குத் தனிப் பொட்டலம் குடுத்துச்சு. அப்புறம் கௌதமாலாவில மெக்டொனால்ட்ஸ் கடை நடத்தின ஒரு அம்மா, யோலாண்டா டி கோஃபினோ, பசங்களுக்குன்னு சின்ன அளவுல ஒரு சாப்பாடு பண்ணினாங்க. அதுக்கெல்லாம் அப்புறம்தான் 1979 ஜூன்ல மெக்டொனால்ட்ஸோட ஹேப்பி மீல், அதான் பெட்டியில பொம்மையோட வர்ற குழந்தைங்க சாப்பாடு, அமெரிக்கா முழுக்க வந்துச்சு. முதல் பெட்டி சர்க்கஸ் வண்டி மாதிரி இருக்கும். உள்ள பம்பரம், ரப்பர், கைக்காப்பு இந்த மாதிரி சில்லறைச் சாமான். பர்கர் செஃப் மெக்டொனால்ட்ஸ் மேல கேஸ் போட்டுச்சு, தோத்துப்போச்சு. அதே வருஷக் கடைசியில ஸ்டார் ட்ரெக் படத்தோட சேர்ந்து ஒரு பெட்டி வந்துச்சு. ஹேப்பி மீல் முதல் முதல்ல சினிமாவோட கை கோத்தது அதுலதான்.

நம்ம ஊருக்கு மெக்டொனால்ட்ஸ் வந்தது 1996 அக்டோபர். தில்லி வசந்த் விஹார்ல ஒண்ணு, இங்க பாந்த்ரா லிங்கிங் ரோட்ல ஒண்ணு. எங்க சித்தப்பா போனஸ் வாங்கின கையோட கூட்டிட்டுப் போனாரு. மெனு போர்டைப் பார்த்துட்டு "இந்தக் காசுக்கு மாட்டுங்கா ஓட்டல்ல ஒரு குடும்பமே சாப்பிடலாமேடா"ன்னாரு. இருந்தாலும் வாங்கிக் குடுத்தாரு.

நெருல்லேர்ந்து ஒரு அம்மா: பழைய பொம்மைங்க சிலது கையில பிசுபிசுன்னு ஒட்டுது. சத்தம் போடற பொம்மை ஒண்ணு செத்துப்போச்சு. சரி பண்ண முடியுமா?

ரெண்டும் வேற வேற வியாதி. பிசுபிசுக்கறது மெத்துனு இருக்கற பிவிசி. அதை வளையற மாதிரி ஆக்க எண்ணெய் மாதிரி ஒண்ணு கலப்போம், பட்டறையில டிஓபின்னு சொல்லுவோம். அது வருஷக்கணக்குல மெல்ல வெளியே வேர்க்கும். மும்பை வெயிலும் புழுக்கமும் சேர்ந்தா கேக்கவே வேணாம். பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டு விட்ட தண்ணியில கழுவி, நிழல்ல காயவெச்சு, டால்கம் பவுடர் லேசா தூவித் துடைங்க. திரும்ப ஒட்டும், திரும்பக் கழுவணும், அவ்வளவுதான். ஒரு விஷயம் மறக்காதீங்க: பிசுபிசுப்பு பொம்மையைக் கெட்டி பிளாஸ்டிக் பொம்மையோட ஒட்டி வெக்கக் கூடாது. வேர்வை பட்ட இடத்துல அந்தக் கெட்டி பிளாஸ்டிக் இளகிரும். என்னோட கார் ஒண்ணுல ஒரு முயலோட காது அச்சு அப்படியே பதிஞ்சு கிடக்கு.

சத்தம் போடறதுக்குள்ள பட்டன் பேட்டரி இருக்கும். ஸ்க்ரூவைப் பார்த்தீங்கன்னா மூணு மூலையா இருக்கும், சாதா ஸ்க்ரூ டிரைவர் போகாது. குழந்தை திறந்துடக் கூடாதுன்னு வேணும்னேதான் அப்படி வெக்கறாங்க. அதுக்குன்னே டிரைவர் விக்குது, லேமிங்டன் ரோட்ல கேளுங்க. நான் பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணைக் கிரைண்டர்ல பிடிச்சு முக்கோணமா தீட்டி வெச்சிருக்கேன். திறந்ததும் பேட்டரி பக்கத்துல வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி இருந்தா, காது குடையற பஞ்சுல வினிகர் தொட்டுத் துடைங்க. நுரைக்கும், பயப்படாதீங்க. தகடு பளிச்சுன்னு வந்ததும் நல்லாக் காயவிட்டுப் புதுப் பேட்டரி போடுங்க. பத்துல ஆறு பிழைச்சுக்கும்.

டோம்பிவ்லியிலிருந்து ஒரு அப்பா: பொண்ணுக்கு ஒண்ணரை வயசு. அக்காவோட பொம்மையெல்லாம் வாயில வெக்கறா. பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். மூணு வயசுக்குக் கீழே கூடாதுன்னு கவர்ல படம் போட்டிருந்தா, கழண்டு வர்ற துண்டு உள்ள இருக்குன்னு அர்த்தம். அமெரிக்காவில சின்னக் குழந்தைக்குன்னு தனிப் பொம்மையே குடுத்தாங்க, வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட கவர்ல. சேகரிக்கறவங்க இப்போ அதைத் தேடித்தேடி வாங்கறாங்க.

1999 டிசம்பர்ல பர்கர் கிங் குடுத்த போக்கிமான் பந்து, ரெண்டு பாதியா திறக்கும். அந்தப் பாதி மூக்கையும் வாயையும் கவ்வி ஒரு குழந்தை மூச்சடைச்சு இறந்துச்சு. இரண்டரைக் கோடிக்கும் மேல பந்தைத் திரும்பக் கேட்டாங்க. பந்து பெருசுதானே, முழுங்க முடியாதேன்னுதான் யாரா இருந்தாலும் நினைச்சிருப்போம். பட்டன் பேட்டரி அதைவிட மோசம். தொண்டையில மாட்டினா ரெண்டே மணி நேரத்துல உள்ளே வெந்துரும். அந்த மாதிரி பொம்மையை இன்னிக்கே எடுத்து மேல வெச்சிருங்க சார். நம்ம நாட்ல 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதுக்கு முந்தினதைச் சின்னதுகிட்ட குடுக்காதீங்க.

தாராவி 13 காம்பவுண்ட்லேர்ந்து ஒரு அண்ணன்: நாங்க எல்லா பிளாஸ்டிக்கும் பிரிக்கறோம். இந்தப் பொம்மை வந்தா மட்டும் மூட்டைக்கு வெளியே போடச் சொல்றாங்க. ஏன்?

அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? தண்ணியில போட்டா பிபிங்கற பிளாஸ்டிக் மிதக்கும், ஏபிஎஸ்ங்கற கெட்டி பிளாஸ்டிக் முழுகும். உப்புத் தண்ணியில ஏபிஎஸ்ஸும் மிதக்கும், பிவிசி அதுலயும் முழுகும். அப்படித்தானே பிரிக்கறீங்க. இந்தப் பொம்மையில தலை பிவிசி, உடம்பு ஏபிஎஸ், சக்கரம் வேற, உள்ள இரும்பு ஸ்க்ரூ, ஸ்பிரிங்கு, மேல பெயின்ட். உள்ளங்கை அளவு சாமானைப் பிரிக்கற நேரத்துல நீங்க ரெண்டு பக்கெட் உடைச்சுப் போட்டுருவீங்க. ஒரு பிவிசி தலை தப்பித்தவறி மெஷின்ல போயிட்டா அந்த லாட்டே புகைஞ்சு கெட்டுப்போகும். முதலாளி சொல்றது சரிதான்.

வெளிநாட்ல இதுக்காகவே சண்டை நடந்துச்சு. 2019ல இங்கிலாந்துல பர்கர் கிங் பிளாஸ்டிக் பொம்மையை நிறுத்துச்சு. பிரான்ஸ்ல 2022 ஜனவரியிலிருந்து குழந்தைங்க சாப்பாட்டோட பிளாஸ்டிக் பொம்மை குடுக்கக் கூடாதுன்னு சட்டம். 2021ல மெக்டொனால்ட்ஸே பெட்ரோலிய பிளாஸ்டிக்கைப் பெருமளவு குறைக்கறோம்னு சொல்லிருச்சு. இப்போ அட்டை, புத்தகம், மடிக்கற காகிதம்னு வருது. சேகரிக்கறவனா எனக்கு அது பிடிக்கல, ஒரு மழைக்காலம் தாங்காது. உங்க மூட்டையைப் பார்த்தா வாயைத் திறக்கவும் முடியல.

மாட்டுங்காவிலிருந்து ஒரு பெரியவர், வயது 72: பினாகா பற்பசை டப்பாவில் வந்த குட்டி மிருகங்கள் என்னிடம் இன்னும் ஒன்பது இருக்கின்றன. உங்கள் கணக்கில் இதெல்லாம் சேருமா?

மாமா, சேருமாவா! எங்க குலத்துக்கே நீங்கதான் மூத்தவர். பர்கர் இந்தப் பக்கம் தலைகாட்டறதுக்கு முன்னாடியே நம்ம வீட்ல பேஸ்ட் டப்பாவை உலுக்கிப் பார்த்துத்தான் வாங்கினாங்க. ரேடியோவில பினாகா கீத்மாலா, பாத்ரூம்ல பினாகா பேஸ்ட், ஜன்னல்ல வரிசையா யானை, ஒட்டகம். எங்க பாட்டி அதைக் கொலுவுல பூங்காவுல வெப்பாங்க. உள்ள காலி இல்லாம கெட்டியா அடிச்சது, ஓரத்துல அச்சு சேர்ந்த கோடு மெல்லிசா தெரியும். அந்த அளவுக்கு அவ்வளவு சுத்தமான அச்சு வெட்டறது லேசுப்பட்ட வேலை இல்ல, தொழில்காரனா சொல்றேன். விக்கற எண்ணம் இருந்தா எனக்கு முதல்ல சொல்லுங்கோ. இல்லேன்னா ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கவாவது விடுங்கோ.

கோரேகாவ்லேர்ந்து ஒருத்தர்: இதெல்லாம் பிள்ளைங்களை இழுக்கற தந்திரம்தானே?

ஆமா, தந்திரம்தான். சிலியில 2012லேயே தடுத்தாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவில இலவசமா குடுக்காதேன்னாங்க, கடைக்காரன் பொம்மைக்குப் பத்து சென்ட்னு விலை வெச்சு வித்துட்டான். பெரியவங்க மட்டும் யோக்கியமா? 2025 ஆகஸ்ட்ல ஜப்பான்ல போக்கிமான் கார்டை மட்டும் எடுத்துக்கிட்டு சாப்பாட்டை அப்படியே குப்பையில கொட்டினாங்க. கடை மன்னிப்புக் கேட்டுச்சு. நானும் ஒரே வாரத்துல மூணு தடவை தின்னு வயிறு கெட்டவன்தான், உங்களுக்குப் புத்தி சொல்ற தகுதி எனக்கு இல்ல.

அந்தேரியிலிருந்து ஒரு தம்பி: செட்ல ஒண்ணு மட்டும் குறையுது அண்ணா. மும்பையில எங்க தேடறது?

சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட், வெள்ளிக்கிழமை, விடியறதுக்குள்ள போயிரு. பொம்மையைத் தனியாக் கேக்காத, விலை ஏறிரும். குவியலா விலை பேசு, உனக்கு வேண்டியது அதுக்குள்ள இருக்கட்டும். ஆன்லைன்ல வாங்கினா கழுத்தை நெருக்கத்துல போட்டோ கேளு. ஒரு ஆள் எனக்கு ஒரு பொம்மையோட தலையை இன்னொண்ணு உடம்புல பசை போட்டு ஒட்டி அனுப்பினான். நான் கண்டுபிடிச்சது கண்ணை வெச்சு. நிஜப் பொம்மையில கண்ணு பேட் பிரிண்டிங், அதாவது மெத்துனு இருக்கற முத்திரையால ஒத்தி எடுக்கறது, ஓரம் வெட்டினாப்ல இருக்கும். அதுல பிரஷ் கோடு தெரிஞ்சுது.

செம்பூர், ஒரு பாப்பா, 8 வயசு: எங்கிட்ட பிரிக்காத பாக்கெட் ஒண்ணு இருக்கு மாமா. பிரிக்காதே, பின்னாடி விலை போகும்னு அப்பா சொல்றாரு. உள்ளே என்னன்னு பார்க்கணும்.

அப்பா சொல்றதுல பாதி சரி, பிரிக்காததுக்குக் கூட விலை உண்டு. ஆனா உள்ள பேட்டரி இருந்தா மூடின கவருக்குள்ளேயே கசிஞ்சு செத்துப்போகும். ரப்பர் மாதிரிப் பொம்மையா இருந்தா வேர்த்து வேர்த்து கவரோடயே ஒட்டிக்கும். பத்து வருஷம் கழிச்சு உங்க அப்பா விக்கப் போறது ஒரு பிசுபிசுத்த பொட்டலம். இதை அவருக்குப் படிச்சுக் காட்டு. சரின்னா மேல் ஓரமா கத்திரியால நேரா வெட்டு, கிழிக்காத. காலிக் கவரைத் தூக்கிப் போட்டுடாதே, எனக்கு வேணும்.