தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடக்கும் என் திகில் கதையில் நான்கு இளைஞர்களை ஒரு உருவம் துரத்துகிறது. படித்தவர்களுக்குப் பயமே வரவில்லை. எங்கே பிழை?

பெரும்பாலும் வேகத்தில்தான். ஓடி வரும் உருவம் பிடித்துவிடும், இல்லையென்றால் விட்டுவிடும். இரண்டிலும் காட்சி முடிந்துபோகிறது. நடக்க விடுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர், ஓய்வு கிடையாது. டர்பனிலிருந்து டொங்காட் என்ற ஊர் சுமார் 40 கிலோமீட்டர். காரில் தப்பிப்போனவர்களுக்கு மிச்சம் 8 மணி நேரம். அதில் 6 மணி நேரம் தூங்கிவிட்டால்? இந்தக் கணக்கை வாசகரே போட வேண்டும், நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள்.

டொங்காட் என்றால் கரும்புக்காடு. ஆளை விட உயரம், தோகை கையை அறுக்கும், இரண்டடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். காற்றில்லாத இரவில் ஒரே ஒரு வரிசை மட்டும் சரசரக்கட்டும். உருவத்தை வர்ணிக்கவே தேவையில்லை.

அடுத்த ஓட்டை, போன். 'சிக்னல் இல்லை' என்று சும்மா எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். கதையை 2023இல் வையுங்கள், தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு மிக மோசமாக இருந்த ஆண்டு. கரண்ட் அடிக்கடி போனால் டவர் பேட்டரியும் தீரும். மின்வெட்டு அட்டவணை முன்கூட்டியே தெரியும் என்பது இன்னும் நல்லது: எட்டு மணிக்கு இருட்டும் என்று தெரிந்தே நால்வரில் ஒருத்தி ஏழரைக்கு ஜன்னலைப் பார்க்கிறாள்.

உருவத்துக்கு ஒரே விதி வையுங்கள், கடைசிவரை மீறாதீர்கள். ஆயாவின் விபூதி கடைசிப் பக்கத்தில் திடீரென வேலை செய்தால் முன்னால் எழுதியதெல்லாம் வீண்.